இலக்கம் எங்கிருந்து வந்தது?

கேள்வி:

வணக்கம் சேர். நான் உப்புவெளியில் இருக்கிறேன். கணவருக்குக் கடல் தொழில். மூன்று வருடமாக வீட்டில் இருந்தபடி நெத்தலிக் கருவாடு, பாரைக் கருவாடு, மிளகாய்த்தூள், மாசிச் சம்பல் செய்து வட்ஸ்அப்பில் விற்கிறேன். கொழும்பு, மட்டக்களப்பு என்று பார்சல் போகிறது. கனடாவில் இருந்தும் லண்டனில் இருந்தும் ஊருக்கு வருகிறவர்களும் வாங்கிக்கொண்டு போகிறார்கள். இந்த சீசனுக்கு வியாபாரத்தைப் பெருப்பிக்கலாம் என்று என் தம்பி, தான் இருக்கும் வட்ஸ்அப் குழுக்களில் உள்ள இலக்கங்களையும் நான் இருக்கும் குழுக்களில் உள்ள இலக்கங்களையும் எடுத்து, ஏறத்தாழ 3,000 பேருக்கு விலைப்பட்டியல் அனுப்பினான். சில ஓர்டர் வந்தது உண்மை. ஆனால் மகளின் பள்ளிக்கூடப் பெற்றோர் குழுவில் ஒருவர், “இப்படி ஸ்பாம் அனுப்பத்தானா இந்தக் குழு?” என்று எல்லாரும் பார்க்க எழுதிவிட்டார். அடுத்த நாள் என் இலக்கத்தை வட்ஸ்அப் முடக்கிவிட்டது. ஒரு கிழமை ஓர்டர் எடுக்க முடியவில்லை. நாங்கள் பொய் சொல்லவில்லை, யாரையும் ஏமாற்றவில்லை. பெரிய கம்பனிகள் ஒவ்வொரு நாளும் போனுக்கு விலைக்கழிவு மெசேஜ் அனுப்புகின்றன. அவர்கள் அனுப்பினால் விளம்பரம், நாங்கள் அனுப்பினால் ஸ்பாமா? இதற்கிடையில் ஒருவர், கிழக்கு மாகாணத்து இலக்கங்கள் 25,000 இருக்கிறது, 20,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். கூகுளில் ஐந்து நட்சத்திர மதிப்புரைகள் போட்டுத் தருவதாகவும் அவரே சொல்கிறார். நிலாவெளி ஹோட்டல்களுக்கு மின்னஞ்சல் அனுப்பலாமா என்றும் யோசிக்கிறேன். எதைச் செய்யலாம், எதைச் செய்யக்கூடாது?

— உப்புவெளி வாசகி

பதில்:

அன்புள்ள தங்கச்சி,

நேராகவே சொல்லிவிடுகிறேன். உங்கள் தம்பி அனுப்பியது ஸ்பாம்தான். அதனால் உங்கள் கருவாடு கெட்ட கருவாடாகிவிடாது. நீங்களும் ஏமாற்றுக்காரி ஆகிவிடமாட்டீர்கள். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பதால்தான் உங்களுக்கு இவ்வளவு மனவருத்தம். திருகோணமலையில் சிறு வியாபாரம் செய்கிறவர்களுக்கு இணைய விற்பனை சொல்லிக்கொடுப்பது என் தொழில். மூதூரிலும் கிண்ணியாவிலும் நகரத்துக்குள்ளும் இதே கேள்வியைக் கேட்காதவர்கள் குறைவு. “நான் உண்மையைத்தானே சொன்னேன், பிறகு ஏன் திட்டுகிறார்கள்?” என்றுதான் எல்லாரும் கேட்கிறார்கள்.

லொத்தர் விழுந்திருக்கிறது, வங்கி இரகசிய இலக்கத்தைத் தாருங்கள் என்று வருவதெல்லாம் மோசடி. அதைப் பிடிக்கப் பொலிஸும் வேறு சட்டங்களும் இருக்கின்றன. மோசடி செய்கிறவர்கள் ஸ்பாம் முறையில் அனுப்புவதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துவிடுகிறோம். ஆனால் ஸ்பாமின் தொடக்கத்தைப் பாருங்கள். 1978 மே 3 அன்று, இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வலையமைப்பில், டிஜிட்டல் எக்யூப்மென்ட் என்ற அமெரிக்கக் கணினிக் கம்பனியைச் சேர்ந்த கேரி தேர்க் ஏறத்தாழ 400 பேருக்கு ஒரே செய்தியை அனுப்பினார். கலிபோர்னியாவில் எங்கள் புதிய கணினிகளைக் காட்டப்போகிறோம், வந்து பாருங்கள் என்ற அழைப்பு அது. கம்பனி உண்மையான கம்பனி, கணினியும் நல்ல கணினி, சொன்ன இடத்தில் நிகழ்ச்சியும் இருந்தது. ஒரு பொய்யும் இல்லை. ஆனாலும் வலையமைப்பை நடத்தியவர்கள் கண்டித்தார்கள், பெற்றவர்களும் கோபப்பட்டார்கள். உலகத்தின் முதல் ஸ்பாம் மின்னஞ்சல் என்று இன்றைக்கும் அதைத்தான் சொல்கிறார்கள். உங்கள் விலைப்பட்டியலும் அதே வகை. சொன்னதில் பிழை இல்லை. கேட்காதவர்களுக்கு மொத்தமாகப் போனதுதான் பிழை.

ஸ்பாம் அனுப்புகிறவர்களின் பட்டியலை உலக அளவில் பராமரிக்கும் ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு 1998 இல் இருந்து இயங்குகிறது. அவர்கள் ஒரு செய்தியைப் பார்க்கும்போது இரண்டு விஷயங்களைத்தான் பார்க்கிறார்கள். பெற்றவர் சம்மதித்தாரா? ஒரே செய்தி பலருக்கும் மொத்தமாகப் போனதா? சம்மதமும் இல்லை, மொத்தமாகவும் போயிருக்கிறது என்றால் அது ஸ்பாம். உள்ளே இருப்பது கருவாட்டு விளம்பரமா, கோயில் திருவிழா அறிவித்தலா, இரத்ததான முகாமா என்று அவர்கள் பார்ப்பதில்லை. இது கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். எனக்கு இது சரியான அளவுகோலாகவே படுகிறது. ஏனென்றால் தன் சாமான் நல்லது என்று நம்பாத வியாபாரி யாரும் இல்லை. சாமானின் தரத்தை வைத்து எல்லை போட்டால் எல்லாருமே எல்லைக்குள்தான் நிற்பார்கள்.

காலையில் உங்கள் ஒழுங்கையில் மீன்காரர் மோட்டார் சைக்கிளில் ஹோர்ன் அடித்துக்கொண்டு வருவார். வேண்டியவர்கள் பாத்திரத்தோடு வாசலுக்குப் போவார்கள், வேண்டாதவர்கள் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அவர் கேற்றைத் திறந்து குசினிக்குள் வந்து மீனைக் காட்டுவதில்லை. ஒருவருடைய வட்ஸ்அப் உட்பெட்டி அவருடைய குசினி. உங்கள் பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப் ஸ்டேட்டஸும் காசு கட்டிப் போடும் விளம்பரமும் ஒழுங்கையில் நின்று கூப்பிடுவது போல. அதற்கு யாரும் கோபிக்கமாட்டார்கள்.

இனித் தம்பி எடுத்த இலக்கங்களுக்கு வருவோம். விஷயத்தின் நடு இதுதான், அதனால் கொஞ்சம் நின்று பேசவேண்டும். பெற்றோர் குழுவில் இருக்கும் தாய்மார் தங்கள் இலக்கத்தை யாருக்குக் கொடுத்தார்கள்? வகுப்பாசிரியருக்கு. எதற்கு? பிள்ளையின் வீட்டுவேலை, விடுமுறை அறிவித்தல், பரீட்சை நேரசூசி தெரிந்துகொள்வதற்கு. மாரியில் வெள்ள அறிவித்தலுக்கென்று தொடங்கிய ஒழுங்கைக் குழுவில் இருப்பவர்கள், நடு இரவில் தண்ணீர் ஏறினால் தெரியவேண்டும் என்பதற்காகக் கொடுத்தார்கள். ஆடி அமாவாசைக்கு அன்னதானம் கொடுக்கச் சேர்ந்தவர்கள் அன்னதானத்துக்காகக் கொடுத்தார்கள். இலக்கம் உங்கள் கண்ணுக்குத் தெரிகிறது என்பது உண்மை. ஆனால் அது ஒரு காரியத்துக்காகக் கொடுக்கப்பட்டது. அந்தக் காரியத்தைத் தாண்டி அதை எடுத்துப் பாவிக்கும்போது, கொடுத்தவரைக் கேட்காமல் நீங்களே ஒரு முடிவு எடுத்துவிடுகிறீர்கள்.

இதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. பெற்றோர் குழுவை விட்டு ஒரு தாய் வெளியேற முடியாது. வெளியேறினால் நாளைக்குப் பிள்ளை எந்தப் புத்தகம் கொண்டுபோகவேண்டும் என்று தெரியாமல் போகும். ஆகவே இன்றைக்குக் கருவாடு, நாளைக்குச் சாறி, மறுநாள் சீட்டு என்று வந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பார். பிறகு ஒலியை அணைத்து வைப்பார். ஒரு நாள், மழையால் பள்ளிக்கூடம் இல்லை என்ற முக்கியமான அறிவித்தலையும் தவறவிட்டுவிடுவார். ஒழுங்கைக் குழுவில் இது இன்னும் பாரதூரமானது. அங்கே செத்தவீட்டு அறிவித்தலும் வரும். அதற்குக் கீழே ஒரு விலைப்பட்டியல் வந்து விழுந்தால் அந்த வீட்டுக்காரர் எப்படி உணர்வார் என்று யோசியுங்கள். குழுவில் எழுதிய அந்தப் பெற்றோர் உங்களை அவமானப்படுத்த எழுதினார் என்று நான் நினைக்கவில்லை. தங்களுக்குத் தேவையான ஓர் இடம் கெட்டுப்போகிறதே என்ற பயத்தில்தான் எழுதியிருப்பார்.

“சில ஓர்டர் வந்ததே” என்கிறீர்கள். அந்தக் கணக்கையும் பார்ப்போம். 2008 இல் கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஸ்பாம் அனுப்பும் ஒரு வலையமைப்புக்குள் புகுந்து, உண்மையில் எத்தனை பேர் வாங்க வருகிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார்கள். ஏறத்தாழ 35 கோடி மின்னஞ்சல்களுக்கு 28 பேர்தான் வாங்க வந்தார்கள். அது போலி மருந்துக் கடை, உங்களுடையது வீட்டுச் சாமான், ஆகவே உங்களுக்கு வரும் வீதம் இதைவிட எவ்வளவோ கூடத்தான் இருக்கும். ஆனால் அதில் நாம் கவனிக்கவேண்டிய ஒன்று இருக்கிறது. அனுப்புகிறவருக்குச் செலவு கிட்டத்தட்டப் பூச்சியம். அதனால் 28 பேர் வந்தாலும் அவருக்குப் பெரிய நட்டம் இல்லை. செலவு முழுவதும் மிச்சக் கோடிக்கணக்கானவர்களின் நேரத்தில் இருந்து போகிறது. தம்பி அனுப்பிய 3,000 மெசேஜுக்கும் உங்கள் கையில் இருந்து ஒரு சதம் போகவில்லை. நகரத்தில் இருந்து குச்சவெளி வரை வியாபாரம் செய்கிற எல்லாரும் இதே வசதியைப் பாவித்தால், வட்ஸ்அப்பில் சொந்தக்காரரின் மெசேஜைத் தேடித்தான் எடுக்கவேண்டி வரும்.

உங்கள் இலக்கம் முடங்கியதற்கும் இதுதான் காரணம். தெரியாத இலக்கத்தில் இருந்து மெசேஜ் வந்தால் அதைத் தடுக்கவும் முறையிடவும் வட்ஸ்அப் உடனேயே பட்டன் காட்டும். குறுகிய நேரத்தில் பலர் அதை அழுத்தினால் அனுப்பிய இலக்கம் முடங்கலாம். வியாபாரிகளுக்கு வட்ஸ்அப் போட்டிருக்கும் விதியும் தெளிவானது: அவர் தன் இலக்கத்தைத் தானே உங்களுக்குத் தந்திருக்கவேண்டும், மெசேஜ் அனுப்பவும் சம்மதித்திருக்கவேண்டும். மின்னஞ்சலிலும் இதே நிலைதான். 2024 பெப்ரவரியில் இருந்து ஜீமெயில் முகவரிகளுக்கு ஒரு நாளைக்கு 5,000 அல்லது அதற்கு மேல் அனுப்புகிறவர்கள், ஒரே அழுத்தலில் விலகும் வசதி கொடுக்கவேண்டும், விலகக் கேட்டவரை இரண்டு நாளுக்குள் எடுத்துவிடவேண்டும், 1,000 பேரில் 3 பேர் ஸ்பாம் என்று குறிக்கும் நிலை வரவிடக்கூடாது. 1,000 இல் 3! தம்பி அனுப்பிய 3,000 க்கு அந்தக் கணக்கைப் போட்டால் 9 பேர்தான்.

சரி, பெரிய கம்பனிகள். இதில் உங்கள் கோபம் நியாயமானது, நான் மறுக்கமாட்டேன். அவர்கள் அனுப்புவதில் ஒரு பகுதி நாமே சம்மதித்தது: கடையில் புள்ளி அட்டை எடுக்கும்போது, ஒரு செயலியைப் போனில் போடும்போது, படிக்காமல் ஒரு கட்டத்தில் சரி போட்டுவிடுகிறோம். மிச்சம் ஸ்பாம்தான். அனுப்புகிறவர் பெரியவர் என்பதால் அது விளம்பரமாக மாறாது. இலங்கையிலும் இதற்குச் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், விளம்பரச் செய்தி அனுப்பச் சம்மதம் வேண்டும் என்கிறது. ஒவ்வொரு செய்தியிலும், காசு செலவில்லாமல் எப்படி விலகுவது என்று சொல்லவேண்டும் என்கிறது. மீறினால் ஒவ்வொரு மீறலுக்கும் ஒரு கோடி ரூபாய் வரை தண்டப்பணம் விதிக்க அது இடம் வைத்திருக்கிறது. அந்தச் சட்டத்தின் பகுதிகள் கட்டம் கட்டமாக நடைமுறைக்கு வரும்படி எழுதப்பட்டவை. நீங்கள் அதற்குக் காத்திருக்கவேண்டாம், இன்றைக்கே அதன்படி நடக்கத் தொடங்குங்கள்.

அமெரிக்கச் சட்டம் வேறு மாதிரி. 2003 இல் அங்கே நிறைவேறிய சட்டம் முதல் மின்னஞ்சலுக்குச் சம்மதம் கேட்கவில்லை. தலைப்பில் பொய் கூடாது, அனுப்புகிறவரின் தபால் முகவரி இருக்கவேண்டும், விலகக் கேட்டால் 10 வேலை நாட்களுக்குள் எடுக்கவேண்டும் என்பவைதான் அதன் முக்கிய விதிகள். ஆகவே சட்டப்படி சரியாக இருந்தும் ஸ்பாமாக இருக்கிற செய்திகள் உலகத்தில் நிறைய உண்டு. சட்டத்தை மட்டும் கேட்டால் நாட்டுக்கு ஒரு பதில் கிடைக்கும். பெற்றவரைக் கேட்டால் எங்கேயும் ஒரே பதில்தான்: நான் கேட்டேனா, வேண்டாமென்றால் விடுவார்களா?

பெரிய கம்பனிக்கும் உங்களுக்கும் உள்ள வித்தியாசம் வேறொன்று. போன் கம்பனியோடு கோபித்துக்கொண்டு நாளைக்கே விலகிவிட எல்லாராலும் முடியாது. உங்களோடு கோபித்தவர் இனி வாங்கமாட்டார், அவ்வளவுதான். அதுவும் திருகோணமலை மாதிரி ஓர் ஊரில் அவர் உங்களை மத்திய வீதியிலும் காண்பார், கோணேசர் கோயிலிலும் காண்பார்.

இனிச் செய்யவேண்டியது. அந்த 3,000 இலக்கங்களையும் போனில் இருந்தும் தம்பியின் கணினியில் இருந்தும் அழித்துவிடுங்கள். மனம் கேட்காது, தெரியும். ஆனால் வைத்திருந்தால் தீபாவளிக்கு ஒருக்கா அனுப்பிப் பார்ப்போமே என்று தோன்றும். அப்புறம், எல்லாருக்கும் மன்னிப்பு மெசேஜ் அனுப்பிவிடலாம் என்று நினைக்காதீர்கள். அது 3,000 பேருக்கு இன்னொரு ஸ்பாம். பெற்றோர் குழுவில் மட்டும் ஒரு வரி எழுதுங்கள்: “என் வியாபார மெசேஜ் இங்கே வந்தது பிழை. இனி வராது.” அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். யாராவது பதில் எழுதினாலும் வாதாடவேண்டாம். அந்த 3,000 பேரில் விலை கேட்டவர்கள், ஓர்டர் கொடுத்தவர்கள் இருக்கிறார்களே, அவர்களை அழிக்கத் தேவையில்லை. அவர்கள் தாங்களாகப் பேச வந்தவர்கள். அவர்களையும் உங்கள் பழைய வாடிக்கையாளர்களையும் ஒரே மாதிரி நடத்துங்கள்.

பழைய வாடிக்கையாளர் விஷயம்தான் எல்லாரும் தடுமாறும் இடம். பார்சல் அனுப்ப ஒருவர் இலக்கம் தந்தார். பார்சல் போட்டாயிற்று, நாளைக்கு வரும், காசு கிடைத்தது என்று அனுப்புவதற்கு யாரையும் கேட்கத் தேவையில்லை, அதற்காகத்தான் தந்தார். ஆனால் அடுத்த மாதம் புதுச் சாமான் வந்திருக்கிறது என்று அனுப்பலாமா? பிரித்தானியாவின் 2003 ஆம் ஆண்டு விதிகள், விற்பனையின்போது பெற்ற முகவரிக்கு அதே வகைச் சாமானைப் பற்றி அனுப்பலாம் என்கின்றன. ஆனால் இலக்கம் வாங்கும்போதும், பிறகு ஒவ்வொரு தடவையும், வேண்டாம் என்று சொல்ல வழி கொடுத்திருக்கவேண்டும். கனடாவில் 2014 ஜூலை 1 இல் நடைமுறைக்கு வந்த சட்டம், ஒருவர் வாங்கினால் 2 வருடம் வரை, விலை மட்டும் கேட்டிருந்தால் 6 மாதம் வரை சம்மதம் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. ஊருக்கு வந்து வாங்கிப்போன ரொறொன்ரோ, லண்டன் வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும்போது இவற்றை மனதில் வையுங்கள். என் அபிப்பிராயம் இந்தச் சட்டங்களைவிட இறுக்கமானது. நீங்கள் ஒரு தனி ஆள். ஒரு கேள்வி கேட்பது உங்களுக்குக் கஷ்டமில்லை. கேட்டுவிடுங்கள்.

பார்சல் போய்ச் சேர்ந்து, நன்றி சொல்லும் மெசேஜில் இப்படிச் சேர்த்து எழுதலாம்: “புதுக் கருவாடு காய்ந்து வந்ததும் மாதத்தில் ஒன்றிரண்டு தடவை விலையோடு அனுப்புவேன். உங்களுக்கு அனுப்பட்டுமா? விருப்பமென்றால் ஓம் என்று எழுதுங்கள், என் இலக்கத்தையும் பதிந்துகொள்ளுங்கள்.” பதில் வராவிட்டால் சம்மதம் இல்லை என்றே எடுங்கள். இரண்டாம் தடவை கேட்காதீர்கள். ஓம் என்றவரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். ஒவ்வொரு விளம்பர மெசேஜின் அடியிலும் “வேண்டாம் என்றால் ஒரு சொல் எழுதுங்கள், நிறுத்திவிடுவேன்” என்று போடுங்கள். எழுதியவரை அன்றைக்கே பட்டியலில் இருந்து எடுங்கள். ஏன் வேண்டாம் என்று கேட்கவேண்டாம்.

இலக்கத்தைப் பதியச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வட்ஸ்அப்பில் ஒரே செய்தியைப் பலருக்கு அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் இலக்கத்தைத் தன் போனில் பதிந்து வைத்திருப்பவருக்கு மட்டுமே செய்தி போகும். பலருக்கு இது ஒரு தடையாகத் தெரிகிறது. எனக்கு அது நல்ல வடிகட்டியாகத் தெரிகிறது, உங்களை வேண்டுமென்று வைத்திருப்பவர் மட்டும் மிஞ்சுவார். ஸ்டேட்டஸ் அதைவிட மென்மையானது. இரு பக்கமும் இலக்கம் பதிந்திருந்தால் அவர் விரும்பும் நேரத்தில் தானாகப் போய்ப் பார்ப்பார். வெயிலில் பாரை காயும் படத்தைக் காலையில் ஸ்டேட்டஸில் போடுங்கள், விலையைக் கீழே எழுதுங்கள். வட்ஸ்அப் பிஸ்னஸ் செயலி இலவசம். அதில் சாமான்களின் படமும் விலையும் கொண்ட பட்டியல் வைக்கலாம், கேட்டு வருபவருக்கு அதை அனுப்பினால் போதும்.

புது ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்பதுதான் உங்கள் அடுத்த கவலையாக இருக்கும். ஒவ்வொரு பக்கற்றிலும் ஒரு சீட்டு ஒட்டி அதில் உங்கள் இலக்கத்தையும் கியூஆர் குறியீட்டையும் அச்சிடுங்கள். கன்னியா வெந்நீரூற்றுக்கும் கோணேஸ்வரத்துக்கும் வருகிறவர்கள், புறாத்தீவுக்குப் படகு ஏறுகிறவர்கள் எல்லாரும் வீட்டுக்கு ஏதாவது கொண்டுபோகத் தேடுகிறார்கள். அவர்கள் தங்கும் இடங்களில் நாலு பக்கற் வைத்தால், வாங்கியவர் ஊருக்குப் போய் அந்தச் சீட்டைப் பார்த்துத் தானாக எழுதுவார். அப்படி வரும் ஓர் இலக்கத்துக்காக, களவாக எடுத்த நூறு இலக்கத்தைக் கொடுத்துவிடலாம். பேஸ்புக்கில் காசு கட்டி விளம்பரம் போட்டால் அது விளம்பரம் என்ற அடையாளத்தோடு விளம்பரத்துக்குரிய இடத்தில் வருகிறது, அதில் ஒரு பிழையும் இல்லை. விற்பனைக்கென்றே நடக்கும் குழுக்களில் நடத்துநரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். யாரையும் கேட்காமல் ஒரு புதுக் குழுவில் சேர்த்துவிடும் பழக்கத்தையும் தம்பி விட்டுவிடவேண்டும். இலக்கத்தைப் பிடித்து உள்ளே இழுப்பதற்கும் மெசேஜ் அனுப்புவதற்கும் வித்தியாசம் இல்லை.

இலக்கப் பட்டியல் விற்கும் ஆளிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: “இந்த 25,000 பேரில் யாராவது ஒருவர், கருவாடு விற்கும் ஒரு பெண்ணிடம் என் இலக்கத்தைக் கொடுங்கள் என்று சொன்னாரா?” பதில் உங்களுக்கே தெரியும். அவரிடம் வாங்கிய கடைசி ஆளும் நீங்களாக இருக்கமாட்டீர்கள். அதே பட்டியல் காணி விற்பவருக்கும் கடன் கொடுப்பவருக்கும் போயிருக்கும். அந்த மக்கள் ஏற்கனவே சலித்துப்போனவர்கள். தம்பியின் 3,000 பேரில் பாதிப் பேராவது உங்கள் ஊரைத் தெரிந்தவர்கள். இவர்கள் முற்றாகத் தெரியாதவர்கள், முறைப்பாடு இன்னும் வேகமாகப் போகும். இந்த முறை ஒரு கிழமையோடு விட்ட வட்ஸ்அப் அடுத்த முறை இலக்கத்தை நிரந்தரமாக முடக்கலாம். மூன்று வருடத்து வாடிக்கையாளர்கள் அதில்தானே இருக்கிறார்கள். அந்த 20,000 ரூபாயைச் சீட்டு அச்சிடவும் பேஸ்புக் விளம்பரத்துக்கும் செலவழியுங்கள்.

நிலாவெளி ஹோட்டல்களுக்கு எழுதுவது தாராளமாகச் செய்யலாம். நான் உற்சாகமாகச் சொல்வேன். ஒரு ஹோட்டல் தன் மின்னஞ்சல் முகவரியை வியாபாரத் தொடர்புக்கென்றே வெளியில் போட்டிருக்கிறது, நீங்கள் எழுதுவதும் அவர்கள் வாங்கக்கூடிய சாமானைப் பற்றி. நாற்பது முகவரியை ஒன்றாகப் போட்டு “மதிப்புக்குரிய ஐயா/அம்மா” என்று ஒரே கடிதத்தை அனுப்பினால் அது மறுபடியும் ஸ்பாம் பக்கம் போய்விடும். ஐந்தாறு இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அவர்களின் சாப்பாட்டுப் பட்டியலைப் பாருங்கள். “உங்கள் காலைச் சாப்பாட்டில் இடியப்பமும் சம்பலும் இருப்பதைப் பார்த்தேன். உப்புவெளியில் வீட்டில் செய்யும் மாசிச் சம்பல் என்னிடம் இருக்கிறது, ஒரு போத்தல் கொண்டுவந்து தரட்டுமா?” என்று அந்த ஹோட்டலுக்கென்றே எழுதுங்கள். உங்கள் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி இலக்கம் கீழே இருக்கட்டும். பதில் இல்லையென்றால் இரண்டு கிழமை கழித்து ஒரு தடவை நினைவூட்டலாம், அதோடு நிறுத்துங்கள். மே மாதம் சீசன் தொடங்கிவிட்டால் சமையலறைக்காரருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. மார்ச், ஏப்ரலில் எழுதுங்கள். உப்புவெளியில் இருந்து நிலாவெளி எவ்வளவு தூரம்? பஸ் ஏறிப் போத்தலோடு நேரில் போனால் இன்னும் நல்லது.

மதிப்புரை விஷயத்தில் மட்டும் கொஞ்சமும் இடம் கொடுக்காதீர்கள். இதுவரை பேசியதெல்லாம் கேட்காமல் உண்மை சொல்வதைப் பற்றி. இது பொய். உங்கள் மிளகாய்த்தூளை வாயில் வைத்தே பார்க்காத ஒருவர் அருமை என்று எழுதுவதை நம்பி, வவுனியாவில் இருக்கும் ஒரு தாய் காசு அனுப்புவார். கூகுள் இப்படிப்பட்ட மதிப்புரைகளைத் தடை செய்திருக்கிறது. மதிப்புரை போட்டால் விலைக்கழிவு தருகிறேன் என்று உண்மையான வாடிக்கையாளரிடம் பேரம் பேசுவதும் அங்கே தடைதான். பார்சல் கிடைத்தவரிடம், “நல்லதோ குறையோ, உள்ளதை எழுதுங்கள்” என்று கேட்டு இணைப்பை அனுப்புங்கள். யாராவது கருவாட்டில் உப்புக் கூடிவிட்டது என்று மூன்று நட்சத்திரம் போட்டால், அதற்குக் கீழேயே எந்தக் கிழமையில் அனுப்பிய பார்சல் என்று கேட்டு எழுதுங்கள், அடுத்த முறை உப்பைக் குறைத்து அவருக்கு அனுப்பிவையுங்கள்.